டாப் பேரை விடுவதா, பிடிப்பதா? லாஸ் வேகஸில் தோற்ற மூன்று கைகள்

போக்கர் சீட்டாட்டப் போட்டி முடியும் தறுவாயில் மேசையில் இரண்டே பேர் மிஞ்சுவார்கள். இதைத்தான் ஹெட்ஸ்-அப் என்கிறோம். ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்த மேசையில் யோசிக்காமல் தூக்கிப் போட்டிருக்கக்கூடிய ராஜா-ஏழு என்ற இரண்டு சீட்டுகள், இங்கே ஆடத் தகுந்த கை. விரித்த பொதுச் சீட்டுகளில் பெரியதோடு நமக்கு ஜோடி சேர்ந்துவிட்டால், அதாவது டாப் பேர் அமைந்துவிட்டால், பெரும்பாலும் நாம்தான் முந்தி நிற்போம். ஆனால் எதிரில் இருப்பவர் எல்லா சிப்ஸையும், அதாவது பணயக் காசுகளையும், நடுவில் தள்ளிவிட்டு அசையாமல் உட்காரும்போது, அந்தப் 'பெரும்பாலும்' எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாமே முடிவு செய்ய வேண்டும்.

வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற போட்டித் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட் இறுதிகளில் இருந்து மூன்று கைகளை, அதாவது மூன்று சுற்றுகளை, எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 1988-ல் நடந்தது. மற்ற இரண்டும் 2003-ல் நடந்தவை. மூன்றுமே லாஸ் வேகஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் ஆடப்பட்டவை. மூன்றிலும் தோற்றவர் கையில் டாப் பேர் இருந்தது. முடிவு ஒன்றாக இருந்தாலும், எடுத்த தீர்மானங்கள் ஒரே தரத்தவை இல்லை என்பது என் கருத்து.

முதலில் 1988. மொத்தம் 167 பேர், ஆளுக்கு 10,000 டாலர் நுழைவுத்தொகை. இறுதியில் நடப்புச் சாம்பியன் ஜானி சானும் எரிக் சைடலும். சைடல் பேக்கேமன் என்ற பகடை ஆட்டத்தில் பழகி இந்தப் பக்கம் வந்த இளைஞர். அவர் கையில் ராணி-ஏழு. ஃப்ளாப்பில், அதாவது முதலில் விரிக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில், ராணி, பத்து, எட்டு விழுந்தன. சான் கையில் ஜாக்-ஒன்பது, அதாவது அந்த இடத்தில் வெல்லவே முடியாத ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு). டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, இரண்டு வந்தது. சான் செக் செய்து, அதாவது பணயம் எதுவும் போடாமல், காத்திருந்தார், சைடல் ஆல்-இன் போனார் (இருந்த எல்லா சிப்ஸையும் போட்டார்), கதை முடிந்தது.

இங்கே சைடலுக்கு இருந்த மாற்று வழி, தானும் செக் செய்வது. அதனால் பாட் (நடுவில் சேர்ந்த பணயம்) சின்னதாகவே நிற்கும், ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டில்) எவ்வளவு போடுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஃப்ளாப்பைப் பாருங்கள். ராணி, பத்து, எட்டு என்று அடுத்தடுத்து நிற்கும் சீட்டுகள். ஒற்றை ஜாக்கோ ஒன்பதோ வைத்திருப்பவருக்கு இலவசமாக ஒரு சீட்டு காட்டுவது ஆபத்து. சிப்ஸில் தெளிவாகப் பின்தங்கி இருந்தவர், ஹெட்ஸ்-அப்பில் டாப் பேர் அமைந்தும் தள்ளாவிட்டால் பின் எப்போது தள்ளுவார்? அதே இடத்தில் நான் இருந்தாலும் தள்ளியிருப்பேன். சானின் அந்த செக் அருமையான பொறி. பொறியில் சிக்கியதாலேயே சைடலின் கணக்கைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது 2003. என்னால் இன்னும் விட முடியாத கை இதுதான். அந்த வருடம் 839 பேர் ஆடினார்கள். முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 13 லட்சம். ஒரு பக்கம் லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹா. மறுபக்கம் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். அவர் இணையத்தில் சிறு தொகைக்கு ஆடி ஜெயித்து இந்தப் போட்டிக்குள் நுழைந்தவர்.

மணிமேக்கரிடம் ஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஃபர்ஹாவிடம் ஸ்பேடு ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும். ஃப்ளாப்பில் ஸ்பேடு ஒன்பது, டைமன் இரண்டு, ஸ்பேடு ஆறு. ஃபர்ஹாவுக்கு டாப் பேர். இருவருமே செக். டர்னில் ஸ்பேடு எட்டு. ஃபர்ஹா 3,00,000 போட, மணிமேக்கர் அதை 8,00,000 ஆக உயர்த்தினார். ஃபர்ஹா கால் செய்தார், அதாவது அதே அளவுக்கு ஈடாகப் போட்டார். ரிவரில் ஆர்ட்டின் மூன்று, யாருக்கும் உதவாத சீட்டு. ஃபர்ஹா செக் செய்ததும் மணிமேக்கர் ஆல்-இன். கையில் ஒரு ஜோடிகூட இல்லை.

சரி, ஃபர்ஹா முன்னால் இருந்த இரண்டு வழிகளையும் அவர் கண்ணால் பார்ப்போம்.

ஃபோல்டுக்கு, அதாவது கையைப் போட்டுவிட்டு ஒதுங்குவதற்கு, வலுவான காரணங்கள் உண்டு. நேரடி ஆட்டத்தில், பெயர் தெரியாத ஒருவர் ரிவரில் எல்லாவற்றையும் தள்ளினால், அவர் கையில் சரக்கு இருக்கிறது என்றே அனுபவசாலிகள் எடுத்துக்கொள்வார்கள். மேசையில் மூன்று ஸ்பேடு கிடக்கிறது, கையில் இரண்டு ஸ்பேடு வைத்திருப்பவருக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு). பத்து-ஏழு, ஏழு-ஐந்து வைத்திருப்பவருக்கு ஸ்ட்ரெய்ட். தன்னைத் திறமைசாலி என்று நம்புகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: இந்தக் கையை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து கைகளில் சிறிது சிறிதாக எதிராளியைக் கரைக்கலாம். புழக்கத்தில் இருந்த மொத்த சிப்ஸ் 83,90,000. தொடக்க ரெய்ஸ், அதாவது அந்தக் கையில் முதலில் உயர்த்திய தொகை, வெறும் 1,00,000. பொறுத்து ஆட இடம் இருந்தது.

கால் செய்வதற்கான காரணம் எளிய கணக்கில் தொடங்குகிறது. எதிராளி பாட் அளவுக்குப் பெட் (பணயம்) போட்டால், மூன்றில் ஒரு தடவை நாம் ஜெயித்தாலே கால் செய்தது நஷ்டமில்லை. பாட்டைப் போல இரண்டு மடங்கு போட்டால் ஐந்தில் இரண்டு தடவை ஜெயிக்க வேண்டும். ஆக, 'நான்தான் ஜெயிக்கிறேன்' என்ற உறுதி தேவையே இல்லை. பாதிக்கும் குறைவான நம்பிக்கை இருந்தாலே போதும்.

அப்புறம் பெட்டின் தன்மை. நடுத்தரமான கையோடு, உதாரணமாக இரண்டு ஜோடியோடு, இப்படி எல்லாவற்றையும் தள்ளுபவர்கள் குறைவு. ஒன்று மிகப் பெரிய கை, இல்லையென்றால் ஒன்றுமில்லாத கை. அந்த நிலையில் ஃபர்ஹாவிடம் இருப்பது ஒரு ஜோடியா இரண்டு ஜோடியா என்பதே பெரிதாகப் பொருட்டில்லை, பிளஃபை, அதாவது வெறும் கையோடு பயமுறுத்துவதை, பிடிக்க இரண்டும் ஒன்றுதான். ஃப்ளாப்பில் மணிமேக்கர் செக் செய்ததையும் சேர்த்துப் பாருங்கள். கையில் இரண்டு ஸ்பேடு இருந்திருந்தால், கடைசியாகப் பேசும் வசதியில் இருந்தவர் அப்போதே பெட் போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்பேடு ராணி ஃபர்ஹாவிடமே இருந்ததால் எதிராளிக்கு ஃப்ளஷ் அமையும் வழிகள் இன்னும் கொஞ்சம் குறைந்தன.

இதை ஃபர்ஹா உணராமல் இல்லை. ஃப்ளஷ் வராமல் போய்விட்டதா என்று மணிமேக்கரிடமே கேட்டார். பேச்சுக் கொடுத்து முகத்தைப் படிப்பது நேரடி ஆட்டத்தில் மட்டும் கிடைக்கும் ஆயுதம். கறுப்புக் கண்ணாடி போட்ட மணிமேக்கர் பதில் சொல்லவில்லை. ஃபர்ஹா சரியான விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஒன்பது ஜோடியைத் தூக்கிப் போட்டார்.

நான் கால் பக்கம்தான். இன்னொரு காரணமும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. மேசையில் ஆறேழு பேர் இருக்கும்போது, நாம் ஒதுங்கி நிற்க இன்னொருவர் வெளியேறினாலே நம் பரிசுத்தொகை ஏறும். அதனால் அங்கே சந்தேகமான கையை விடுவதற்குத் தனியாக ஒரு மதிப்பு உண்டு. இருவர் மட்டும் மிஞ்சியதும் அந்த மதிப்பு மறைந்துவிடுகிறது. இரண்டாம் பரிசு இருவருக்கும் ஏற்கெனவே உறுதி. மீதி இருந்த 12 லட்சம் டாலருக்குத்தான் ஆட்டம், ஒவ்வொரு சிப்பும் அதில் சம மதிப்பு. நாள்கணக்கில் 'தாக்குப்பிடி, தாக்குப்பிடி' என்று பழகிய மனது, அது தேவைப்படாத இடத்திலும் அதையே சொல்கிறது. ஃபர்ஹாவை எது இழுத்தது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த இடத்தில் ஃபோல்ட் செய்யும் பெரும்பாலோரை இந்தப் பழக்கம்தான் இழுக்கிறது.

பரிசைப் பங்கு போடும் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று மணிமேக்கர் கேட்டதாகவும், ஃபர்ஹா மறுத்ததாகவும் மணிமேக்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிரித்திருந்தால் ஆளுக்கு 19 லட்சம். தன் திறமை மீது அவ்வளவு நம்பிக்கை வைத்து மறுத்தவர் ரிவரில் ஒதுங்கியது எனக்குப் பொருந்தாமல் தெரிகிறது.

மூன்றாவது, அதே இறுதியின் கடைசிக் கை. இப்போது ஃபர்ஹாவிடம் ஜாக்-பத்து, மணிமேக்கரிடம் வெறும் ஐந்து-நான்கு. ஃப்ளாப்பில் ஜாக், ஐந்து, நான்கு. மறுபடி டாப் பேர் ஃபர்ஹாவுக்கு. ஆனால் எதிராளிக்கு இரண்டு ஜோடி. ஃபர்ஹா பெட் போட்டார், மணிமேக்கர் உயர்த்தினார், ஃபர்ஹா ஆல்-இன் போனார்.

வெறுமனே கால் செய்து டர்னைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஃப்ளாப்பில் இரண்டு ஸ்பேடு இருந்தது. மணிமேக்கர் ஃப்ளஷுக்காகக் காத்திருப்பவராகவும் இருக்கலாம், அவருக்கு மலிவாகச் சீட்டுக் காட்டக் கூடாது. சற்று முன்பு பிளஃபாக இப்படித் தள்ளியவர் அவர் என்ற சந்தேகமும் இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய அந்தக் கையில் ஃபர்ஹா 9,00,000 சிப்ஸை நடுவில் வைத்துவிட்டு எழுந்து வந்தவர். அது அவரிடம் இருந்திருந்தால் கால் செய்து, டர்னில் நிதானமாக யோசித்து, தேவைப்பட்டால் ஜாக் ஜோடியை விடவும் வசதி இருந்திருக்கும். இந்த ஆல்-இன்னை நான் குறை சொல்ல மாட்டேன். டர்னில் எட்டு, ரிவரில் இன்னொரு ஐந்து. ஃபுல் ஹவுஸோடு (ஒரே எண்ணில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும்) மணிமேக்கர் எழுந்து நின்றார்.