காற்றா, தண்ணீரா? பந்தயத் தடத்துக்கான ஆயில் கூலர்

காரைக்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோகும் எனக்கு, எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரில் இரண்டு வழிகள் இருந்தன. தண்ணீரில் குளிரும் கூலர் அடக்கமானது. மார்கழி விடியலில் எண்ணெயைச் சீக்கிரம் சூடாக்கியும் தரும். ஆனால் ரேடியேட்டர் தண்ணீரே 90 டிகிரியில் இருக்கும்போது எண்ணெய் அதற்குக் கீழே எப்படி இறங்கும்? சுமையும் ரேடியேட்டர் தலையில்தான்.

காற்றில் குளிரும் கூலரை முன் பம்பருக்குப் பின்னால், காற்று நேராக மோதும் இடத்தில் பொருத்த வேண்டும். ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தட்டு, அதிலிருந்து கூலருக்கு இரண்டு ஹோஸ்கள். தட்டில், எண்ணெய் சூடான பிறகே அதைக் கூலருக்கு விடும் தெர்மோஸ்டாட் இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் சூடேறவே நேரமாகும். ஹோஸ் உரசினால் கசியும். கழற்றிய ஹோஸை வீட்டு முகப்பில் வைத்தேன். ஆத்தங்குடித் தரைக் கல்லில் படிந்த கறையை ஆச்சி இன்னும் மன்னிக்கவில்லை. இருந்தும் தடத்துக்கு என் ஓட்டு காற்றுக்கே. ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு இரண்டுமே வீண் செலவு.