எட்டு அங்குல டாப்சோனியன், ஆறு வருஷம், ஓர் அடிப்பலகை

நட்சத்திரக் கொத்துகள் பார்க்க எட்டு அங்குல டாப்சோனியன் (எட்டு அங்குலக் குவிகண்ணாடியோடு, கையால் தள்ளித் திருப்பும் தொலைநோக்கி) வாங்கலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். நான் அப்போதுதான் என்னுடையதன் அடிப்பலகையை, அதாவது குழாயைத் தாங்கிச் சுழலும் பலகையை, மூன்றாவது தடவையாகக் கழற்றிப் போட்டு, கை முழுக்க மெழுகோடு உட்கார்ந்திருந்தேன். பதில் கொஞ்சம் சூடாக வந்துவிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. வெளியே எடுத்து வைத்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் போதும், நட்சத்திரங்கள் ஊசி முனையாக நிற்கும். ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள எம்13 என்ற உருண்டையான நட்சத்திரக் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 48 மடங்கில் அது வெறும் பஞ்சு உருண்டை. 8 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) போட்டு 150 மடங்குக்குப் போனால் முதலில் விளிம்பில் ஒன்றிரண்டு புள்ளிகள் தெரியும். அப்போது பார்வையை நடுவிலிருந்து சற்றே விலக்க வேண்டும். ஓரக்கண்ணுக்கு உள்பக்கமும் பொடிப்பொடியாக உடையும். ஆசைப்பட்டு நேராகப் பார்த்தீர்களோ, மறுபடி பஞ்சுதான். 1764-ல் பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே இதைப் பார்த்துவிட்டு, நட்சத்திரமே இல்லாத நெபுலா (ஒளிமேகம்) என்று குறித்து வைத்தார். அவர் பார்க்காத அந்தப் புள்ளிகளை நான் எண்ணியிருக்கிறேன். இருபதாயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு தாண்டி வந்த வெளிச்சம். எத்தனை இரவு பார்த்தாலும் எனக்கு இது பழகிப்போகவில்லை.

இனி அடிப்பலகை. 150 மடங்கில் பார்வைப் பரப்பு மூன்றில் ஒரு டிகிரிதான். பூமி சுற்றுவதால் ஒன்றரை நிமிடத்துக்கெல்லாம் கொத்து ஓரத்துக்கு வந்துவிடும். குழாயின் வாயை விரல் நுனியால் மெல்லத் தள்ளுகிறேன். அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன். அப்போதும் அசையாது. இன்னும் ஒரு இழை கூடினால் சடக்கென்று துள்ளி, கொத்தைத் தாண்டிப் போய் நிற்கும். திரும்ப 48 மடங்கு தரும் 25 மி.மீ. ஐபீஸ், திரும்ப தேடல். புள்ளிகள் உடைந்து வருகிற அந்த நேரம் பார்த்துத்தான் இது நடக்கும்.

உச்சி வானத்தில் இன்னும் மோசம். குழாய் செங்குத்தாக நிற்கும்போது பக்கவாட்டில் திருப்பப் பிடிமானமே கிடைக்காது. கொத்து துளி நகர்ந்தாலும் அடிப்பலகை பெரிய கோணம் சுற்றியாக வேண்டும். காற்றடுக்கு மெலிந்து, கொத்து மிகத் தெளிவாகத் தெரிகிற இடமும் அதுவேதான்! டெஃப்லான் துண்டுகளை மாற்றினேன், மெழுகு தேய்த்தேன், நடு போல்ட்டில் வாஷர் கொடுத்துத் தளர்த்தினேன். தாழ்வான வானத்தில் நன்றாகவே தேறிவிட்டது. கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எம்4 கொத்தை இப்போது நிம்மதியாகப் பின்தொடர முடிகிறது. உச்சியில் மட்டும் அதே துள்ளல். இவ்வளவு நல்ல கண்ணாடியைச் செய்தவர்கள் ஒரு பலகையில் கைவைத்து இப்படி விட்டிருக்கக் கூடாது. ஆறு வருஷமாக எனக்கு ஆறாத கோபம் இது.

கார்த்திகையைப் பற்றியும் கேட்டிருந்தார். அது வானத்தில் இரண்டு டிகிரி அகலம். கூட வந்த ஐபீஸில் ஒரு டிகிரிதான் அடங்கும். கொத்தின் நடுவில் நின்றுகொண்டு கொத்தைத் தேடுவது போலிருக்கும். கார்த்திகைக்கும் பூசத்துக் கொத்துக்கும் 10x50 பைனாகுலர்தான் சரி.

ஆகவே, இன்றைக்கு என் பதில்: வாங்காதீர்கள். முதலில் பைனாகுலர். அதற்குப் பிறகும் எம்13-ஐ உடைத்துப் பார்க்காமல் மனசு ஆறாது என்றால், கடையில் கண்ணாடியை விசாரித்து நேரத்தைப் போக்க வேண்டாம். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே விரலால் தள்ளிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு துள்ளினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நிலா இல்லாத அடுத்த இரவில் என் வீட்டுக்கு வந்தால், கொத்தை நடுவில் நிறுத்தி வைப்பது என் பொறுப்பு.