ஒரு ஃபுல் டைம் ஆளா, ரெண்டு பார்ட் டைம் ஆளா?

முதலாளி பக்கம் மொதல்ல பாத்துடுவோம். கடையோ கால் சென்டரோ, கூட்டம் நாள் முழுக்க ஒரே மாதிரி வராது, சாயங்காலம் மூச்சு விட நேரம் இருக்காது, மதியம் ஈ ஓட்டணும், எட்டு மணி நேரத்துக்கு ஆள் போட்டா ஈ ஓட்டற நேரத்துக்கும் சேத்துதான் சம்பளம். பார்ட் டைம்னா ரஷ் அவருக்கு மட்டும் ஆள் போட்டுக்கலாம். ஒருத்தர் லீவு போட்டாலும் பாதி வேலையாவது ஓடும்.

ஆனா ட்ரெய்னிங் ரெண்டு பேருக்கும் முழுசா குடுத்தாகணும். அப்பறம் இந்த ஹேண்டோவர் தலைவலி. காலைல ஒரு கஸ்டமர் அட்வான்ஸ் குடுத்துட்டு சாயங்காலம் வாங்கிக்கறேன்னு போயிருப்பாரு, சாயங்கால ஷிஃப்ட் ஆளுக்கு அது தெரியாது, கவுன்ட்டர்ல ஒரே சத்தம். ஷிஃப்ட் மாறும்போது கால் மணி நேரம் ரெண்டு பேரும் சேந்து இருக்கணும், அதுக்கும் சம்பளம் உண்டு, அதுல கஞ்சத்தனம் பண்றவருக்கு பார்ட் டைம் சரிப்பட்டு வராது. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே ஆள் பாக்க வேண்டிய ப்ராஜெக்ட்னா என் ஓட்டு ஃபுல் டைமுக்குத்தான்.

இப்போ வேலை செய்றவங்க பக்கம். படிக்கற பசங்க, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க, ரிட்டயர் ஆயிட்டு வீட்ல உக்கார முடியாதவங்க, இவங்கள்ல நெறைய பேருக்கு பார்ட் டைம விட்டா வேற வேலையே கெடையாது. சம்பளம் பாதியாகும், சரி, ஆனா போக வர நேரமும் செலவும் பாதியாகாதே! அதனால தெனமும் நாலு மணி நேரம் போறத விட, வாரத்துல மூணு நாள் முழுசா போறது பெட்டர், முதலாளி ஒத்துக்கிட்டா.

பாதி நேரம்னா மணிக் கணக்குல கூலியும் கம்மின்னு சில எடத்துல பேசுவாங்க. அது தப்பு, ஐ.எல்.ஓ.வோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 1994 ஒப்பந்தமே (நம்பர் 175) பார்ட் டைம்ங்கற ஒரே காரணத்துக்காக அடிப்படைச் சம்பளத்தோட மணிக் கணக்கு ரேட்ட கொறைக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது, ஆனா அதுல சேந்த நாடுகள் கம்மி. நெதர்லாந்துல 2000லயே வேலை நேரத்தக் கொறைக்கவும் கூட்டவும் கேக்கற உரிமைய சட்டமாக்கிட்டாங்க. கூட்டவும்ங்கறதுதான் எனக்குப் புடிச்சது, ஏன்னா குழந்தை வளந்தப்பறம் ஃபுல் டைமுக்குத் திரும்ப முடியலன்னா ப்ரமோஷன்லாம் மறந்துட வேண்டியதுதான்.

ரோஸ்டர, அதாவது யாருக்கு எப்போ ஷிஃப்ட்ங்கற பட்டியல, முந்தின நாள் ராத்திரி வாட்ஸாப்ல அனுப்பற எடமா இருந்தா ஃபுல் டைமே தேவலாம், ஏன்னா அங்க பார்ட் டைம்ல சேந்தாலும் கிளாஸுக்கும் போக முடியாது, இன்னொரு வேலையும் பாக்க முடியாது. இன்டர்வியூல சம்பளம் கேக்கறதுக்கு முன்னாடி, அடுத்த வார ரோஸ்டர் என்னிக்கு வரும்னு கேளுங்க.