தென்னைக்கு ஒரு மிஷின், புளிக்கு ஒரு மிஷின்: விறகு அறுக்கப் பெரிய செயின்சா வாங்கிய அனுபவம்

கஜா புயலுக்கு முன்னால் எங்கள் பேராவூரணிப் பக்கம் மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2018 நவம்பர் 16-க்குப் பிறகு தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. மிஷின்காரர் எப்போது வருவார் என்று காத்திருந்தால் அடுத்த மழை வந்துவிடும் என்ற நிலையில் ஆளாளுக்கு ஒன்று வாங்கினோம். நான் வாங்கியது சீனத் தயாரிப்பு. எஞ்சினின் கொள்ளளவு ‘58 சிசி’ என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, விலை பத்தாயிரத்துக்குள். துண்டு போட்டு வழியை ஒழுங்கு பண்ண அது தாராளமாகப் போதும். அந்த வேலையைக் குறை சொல்லாமல் செய்தது.

விறகு வேலை வந்தபோதுதான் அதன் எல்லை தெரிந்தது. எங்கள் வீட்டில் இன்னும் நெல் அவித்துத்தான் அரைக்கிறோம். மச்சான் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். முகூர்த்த மாதங்களில் டன் கணக்கில் கட்டை கேட்பார், அதிலும் புளியங்கட்டைதான் வேண்டும் என்பார். தணல் நின்று எரியும், அடுப்பை ஒரே சூட்டில் வைக்கலாம். தூங்குமூஞ்சிக் கட்டையைக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார், குப்பென்று எரிந்து சாம்பலாகிவிடும் என்று. ஆக எனக்கு வருவதெல்லாம் புளி, வேம்பு, சீமைக்கருவேல், எப்போதாவது வெள்வேல். எல்லாமே கெட்டி மரம். அடிமரம் இரண்டு அடி விட்டம் வரை இருக்கும்.

பழைய மிஷினில் 20 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, போட்டிருந்தது. மெல்லிய மிலாருக்கும், ஒரு சாண் கட்டைக்கும் பிரச்சினையே இல்லை. புளியின் அடிமரத்தில் பார் முழுக்க உள்ளே போனதும் சத்தம் இறங்கும். கொஞ்சம் அழுத்தினால் செயின் நின்றுவிடும், எஞ்சின் மட்டும் கத்தும். அப்படிக் கத்தும்போது கிளட்ச்தான் தேய்கிறது. கிளட்ச் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்ததைக் கழற்றியபோது பார்த்தேன்.

பிஸ்டன் செட் மாற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. புதுப் பிஸ்டன் பெட்டியில் விட்டம் 45.2 மி.மீ. என்று போட்டிருந்தது. இந்த வகை எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 34 மி.மீ. கணக்குப் போட்டால் 54.6 சிசிதான் வருகிறது. மூன்றரை சிசி ஸ்டிக்கரில் மட்டும் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அதே 50 சிசி சொச்ச அளவில் நல்ல கம்பெனி மிஷின் கொடுக்கும் இழுவையை இந்த வகை கொடுப்பதில்லை. அதனால் சிசியைப் பார்த்து வாங்குவதை விட்டுவிட்டு, கிலோவாட் எவ்வளவு, எடை எவ்வளவு என்று பார்க்க ஆரம்பித்தேன். உதாரணத்துக்கு, ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 என்பது 31.8 சிசி, 1.5 கிலோவாட். எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. எம்எஸ் 382 என்பது 72.2 சிசி, 3.9 கிலோவாட், 6.2 கிலோ. எடையெல்லாம் பார், செயின் இல்லாமல். 250-க்கும் 382-க்கும் நடுவே எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, சக்தியோ கிட்டத்தட்ட எழுபது சதவீதம் கூடுகிறது. ஹஸ்க்வர்னா கம்பெனியிலும் இதே மாதிரி படிகள் உண்டு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எந்த மிஷினுக்குக் காசு கொடுக்கலாம் என்று ஓரளவு புரிந்துவிடும்.

ஆனால் பெரிய மிஷின் வாங்கும் முன் ஒரு சோதனையைச் செய்யச் சொல்வேன். கையிலிருக்கும் மிஷினுக்குப் புதுச் செயின் ஒன்றைப் போட்டு அதே கட்டையை அறுத்துப் பாருங்கள். ‘பவர் பத்தல’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு மொட்டைச் செயின்தான் வியாதி. கீழே விழுவதைப் பார்த்தாலே தெரியும். குறுக்கே அறுக்கும்போது தேங்காய்த் துருவல் மாதிரி சில்லுச் சில்லாக விழுந்தால் செயின் கூர். மாவாக விழுந்தால் எவ்வளவு பெரிய எஞ்சினும் வீண். எங்கள் ஊரில் ரொம்ப வருஷமாக மரம் வெட்டுகிற பெரியவர் ஒருவர், நான் பழைய மிஷினோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மிஷின நீங்க தள்ளாதீங்க. அதுவா எறங்கணும். எறங்கலன்னா நிறுத்திட்டு அரத்த எடுங்க.” அதன்படி செயினை நன்றாக ராவிவிட்டுப் பார்த்தேன். ஒன்றேகால் அடி விட்டம் வரை பழைய மிஷினே சமாளித்தது. அதற்கு மேல்தான் திணறல். அப்போதுதான் தேவை உண்மையானது என்று முடிவுசெய்து பெரியதற்குப் போனேன்.

வாங்கியது எழுபதுக்கு மேல் சிசி, தொழில்முறை ரகம். கம்பெனியை எழுதினால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். விலை பழையதைப் போல ஐந்தாறு மடங்கு. 20 அங்குல பார், 3/8 பிட்ச் செயின். பிட்ச் என்பது செயின் கண்ணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, இங்கே முக்கால் அங்குலத்தில் பாதி. பழையதில் இருந்தது 0.325 பிட்ச். செயின் வாங்கப் போகும்போது பிட்ச், பாரில் உள்ள பள்ளத்தின் அகலம், அந்தப் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணிகளான டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். ‘20 இஞ்ச் செயின் குடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பார், வீட்டுக்கு வந்தால் பாரில் உட்காராது. அரமும் மாறும். 0.325-க்கு 4.8 மி.மீ. உருளை அரம், 3/8-க்கு 5.2 மி.மீ.

சில வருஷ உபயோகத்துக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது என்றால், தடித்த கட்டையில் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. அதைவிட முக்கியம், முதுகு தப்பித்தது. முன்பு மிஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பேன். இப்போது அதன் சொந்த எடைக்கே இறங்குகிறது. பாருக்கு அடியில் இருக்கும் முள்ளைக் கட்டையில் ஊன்றி, பின்கைப்பிடியை லேசாக உயர்த்தினால் போதும், சத்தம் மாறாமல் ஒரே சீராகப் போகும். மெல்லிய கட்டையில் மட்டும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் தொந்தரவுதான். ஆறேழு கிலோவைத் தூக்கிக்கொண்டு மிலார் கழிக்கப் போனால் மதியத்துக்குள் தோள் கழன்றுவிடும். பழைய மிஷினை விற்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். அதற்கு இப்போது 16 அங்குல பார். இந்தச் சின்னப் பாரோடு அது நன்றாகவே ஓடுகிறது. தொடக்கத்திலேயே இந்த அளவு பாரோடு விற்றிருந்தால் அந்த ரகத்துக்குப் பாதிக் கெட்ட பெயர் வந்திருக்காது.

பெரிய மிஷினின் உண்மையான லாபம் நான் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தது. புளியங்கட்டையைப் பிளப்பது லேசான காரியமில்லை. மர நாரின் ஓட்டம் முறுக்கிக்கொண்டு போகும், கணுவில் கோடாலி மாட்டினால் திரும்ப எடுப்பதே ஒரு வேலை. ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தாலும் ஆப்புதான் உள்ளே போகும், கட்டை வாயைத் திறக்காது. இப்போது அந்த மாதிரி உருண்டைகளைப் படுக்கவைத்து, மேலிருந்து நெடுக்கு வாக்கில், மரத்தின் ஓட்டத்தோடேயே மிஷினை விடுகிறேன். முக்கால்வாசி இறங்கியதும் நிறுத்திவிட்டு, அந்தப் பிளவில் ஆப்பை வைத்து இரண்டு அடி கொடுத்தால் இரண்டாகிவிடும். கட்டையை நிமிர்த்திவைத்துத் தலையில் அறுத்தால் நேரம் பிடிக்கும், தூளும் மாவாக வரும். படுக்கவைத்து அறுத்தால் நீள நீளமான இழையாக வந்து குவியும். இந்த அறுப்பில் ஒவ்வொரு பல்லும் பெரிய வாயாகக் கடிக்கும், அதனால் இழுவை இல்லாத எஞ்சின் நின்றுவிடும். பெரியதில் ஓடுகிறது. ஒரே தொல்லை, அந்த இழை கிளட்ச் மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சத்தம் கனத்தால் உடனே நிறுத்தி, மூடியைக் கழற்றி இழுத்துப் போட வேண்டும். மிஷினைக் கட்டையோடு ஒட்டிப் பிடிக்காமல், இழை வெளியேற நாலு விரல் இடம் விட்டுப் பிடித்தால் அடைப்பு குறைகிறது. மிஞ்சும் இழையை அம்மா அடுப்பு பற்றவைக்கச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்வார்.

பெட்ரோல் விஷயத்துக்கு வருவோம். மணிக்கணக்கில் பார்த்தால் பெரியது அதிகம் குடிக்கும். டன் கணக்கில் பார்த்தால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் வேலை சீக்கிரம் முடிகிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். காற்றில் இருக்கும் ஈரத்தை எத்தனால் இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரமும் பெட்ரோல் குழாயும் அதில் ஊறினால் விறைத்துப்போகும். டாங்கில் பெட்ரோலோடு ஒரு மாதம் போட்டுவைத்த மிஷின் அடுத்த முறை எத்தனை இழுத்தாலும் கிளம்பாது என்று ஊரில் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நான் ஒரு வாரத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் கலப்பதில்லை. நிறுத்தி வைக்கும்போது டாங்கைக் காலி செய்து, குழாயில் மிஞ்சியது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். ஆயிலில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஜாஸோ எஃப்டி என்ற தரக்குறியீடு டப்பாவில் போட்டிருக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் நல்லது. கம்பெனி 50-க்கு 1 என்று சொல்லியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் மருந்து சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். பெட்ரோலின் தரம் மாறும்போது கார்புரேட்டரை ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்ப்பதும் நல்லது. காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், பிஸ்டன் கீறல் விழும்.

செயினுக்கு ஊற்றும் ஆயிலில்தான் எங்கள் பக்கம் எல்லோரும் கைவைக்கிறார்கள். டிராக்டரிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றுவார்கள். அதில் இருக்கும் கசடும் இரும்புப் பொடியும் பம்பை அடைக்கும், பாரைத் தின்னும். பெரிய மிஷினில் செயின் வேகமும் உராய்வும் அதிகம், காய்ந்த பார் சீக்கிரம் நீலம் பாயும். சோதிக்க எளிய வழி: ஓடும் மிஷினின் மூக்கை வெளுத்த கட்டை ஒன்றுக்கு மேலே, தொடாமல், கொஞ்ச நேரம் காட்டினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும்.

சீமைக்கருவேல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்தின் கெட்டித்தனத்தைவிட, அடிப்பட்டையில் ஒட்டியிருக்கும் மண்தான் செயினுக்கு எமன். ஒரு கைப்பிடி மணலில் செயின் பட்டால் காலையில் ராவியது பத்து நிமிஷத்தில் மொட்டை. தரையோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுப்பேன், அடியைக் கொத்திச் சுத்தம் செய்த பிறகே மிஷின். செயினிலும், பல்லின் மூலை கூராக முடியும் ரகத்தைவிட, மூலை மழுங்கலாக வளைந்திருக்கும் ரகம் இதற்கு நல்லது. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் கூர் நிற்கும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டை நிறைய ராவித் தாழ்த்தினால் வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 0.65 மி.மீ. தாழ்வுக்கு மேல் போனால் கெட்டி மரத்தில் மிஷின் குதிக்க ஆரம்பிக்கும்.

குதிப்பது என்றதும் சொல்லியாக வேண்டும். பாரின் மூக்கின் மேல்பகுதி இன்னொரு கட்டையில் பட்டால் மிஷின் மின்னல் வேகத்தில் முகத்தை நோக்கி எழும். விறகுக் குவியலில் இந்த ஆபத்து தோப்பில் இருப்பதைவிட அதிகம், எங்கே திரும்பினாலும் கட்டை. எஞ்சின் பெரியதாக ஆக அந்த அடியும் பெரியது. முன்பக்கம் இருக்கும் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். லுங்கியோடும் ஹவாய்ச் செருப்போடும் அறுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வெட்டுத் தாங்கும் பேன்ட் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது, வரவழைத்தேன். வேர்த்துக் கொட்டும், அதனால் வேலை காலை பத்து மணிக்குள். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, முன்பக்கம் கெட்டியான பூட்ஸ், இவை மிஷின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை.

வாங்கப் போகிறவர்களுக்கு: மாதத்துக்கு ஒருமுறை வீட்டு விறகு அறுக்க 45 சிசி அளவில் நல்ல மிஷினும் 16 அங்குல பாரும் எதேஷ்டம். ஒன்றேகால் அடிக்கு மேல் கெட்டி மரம் தொடர்ந்து வந்தால் மட்டும் 60, 70 சிசிக்குப் போகலாம். அப்போதும் எடையைக் கையில் தூக்கிப் பார்த்து, பெட்ரோலும் ஆயிலும் நிரப்பினால் இன்னும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடும் என்று நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். சர்வீஸ் கடை ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறதா, உதிரிபாகம் அங்கேயே கிடைக்கிறதா என்பது 0.2 கிலோவாட் வித்தியாசத்தைவிடப் பெரிய விஷயம். பெயர்பெற்ற மிஷின்களின் போலிகள் நிறைய உலவுகின்றன, பில்லும் வாரண்டி அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள். பனைமரத்தைத் தொடும் முன் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். சொந்த நிலமாக இருந்தாலும் சரி.

என் பெரிய மிஷினில் இப்போது இருக்கும் பார் தேய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தது 18 அங்குலம் போடலாம் என்றிருக்கிறேன். இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் இரண்டடிக் கட்டைக்கு அது போதும், முன்பக்க எடை குறையும், ராவ வேண்டிய பற்களும் குறையும். மச்சானுக்குத்தான் பெரிய பார் பார்க்க கெத்தாக இருக்கிறதாம், வேண்டாம் என்கிறார்.