வியர்வை வாடையை யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

உடன் பணிபுரியும் ஒருவரிடம் வியர்வை வாடையோ வாய் நாற்றமோ இருந்தால், சாடையாக உணர்த்துவது, மொட்டைக் கடிதம் வைப்பது, மேலாளர் மூலம் சொல்வது, நேரில் தனியாகச் சொல்வது என நான்கு வழிகளை அலுவலகங்களில் கையாள்கிறார்கள். இவற்றில் சொல்பவருக்கு எது எளிது என்பதைவிட, கேட்பவருக்கு எதில் அவமானம் குறைவு என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன். ஏனெனில், ஒரே வாடையில் தொடர்ந்து இருக்கும் மூக்கு விரைவில் அதற்குப் பழகிவிடுவதால், பெரும்பாலும் அவருக்கு அது தெரிந்தே இருக்காது.

பலரும் முதலில் நாடுவது சாடையைத்தான். சோப்பையும் டியோடரன்டையும் பற்றி அவர் காதுபடப் பேசுவார்கள். செய்தி அவருக்கு எட்டாவிட்டால் பயனில்லை. எட்டிவிட்டாலோ, தம்மைப் பற்றி எல்லோரும் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே எட்டிவிடுகிறது. நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் ஒருவரின் மேசைமேல் யாரோ டியோடரன்ட் புட்டி ஒன்றை வைத்துவிட்டார்கள். அவர் அதை எடுத்து, திருப்பிப் பார்த்து, சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் வைத்து மூடினார்; அன்று மாலைவரை யார் முகத்தையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதைத் தடுக்காமல் இருந்தது என்னை இன்றும் உறுத்துகிறது.

மொட்டைக் கடிதம் இதனினும் கொடியது. எழுதியவர் யாரெனத் தெரியாததால், கடிதத்தைப் பெற்றவர் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதாகிறது.

மேலாளர் மூலம் சொல்வதில் ஒழுங்கும் இரகசியமும் உண்டு என்றாலும், மேலதிகாரி வாயிலிருந்து வரும்போது அது புகாராகிவிடுகிறது. வெட்கத்தோடு வேலையைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. உங்களுக்கும் அவருக்கும் முன்பே மனத்தாங்கல் இருந்தாலோ, நேரில் சொல்லியும் பலனில்லாமற் போனாலோ மட்டும் இவ்வழியை நாடலாம்.

என் தேர்வு நேரில் சொல்வதுதான். அதையும் அவரோடு நெருக்கமான ஒரே ஒருவர், வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், தனியிடத்தில் சொல்ல வேண்டும். காலையில் சொல்லிவிட்டால், நாள் முழுவதும் அவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்க நேரும். "சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, சில நாட்களாக உங்களிடம் வியர்வை வாடை தெரிகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்" என்ற அளவு போதும். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்ற சொற்கள் கூடவே கூடாது.

"நீங்கள் குளிப்பதில்லையா?" என்றும் கேட்கக் கூடாது. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு அநேகமாக வாடையே இல்லை. அக்குளிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பாலியெஸ்டர் துணி அதைப் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், நாள்தோறும் குளிப்பவரின் சட்டையிலும் வாடை தங்கலாம். வாய் நாற்றத்துக்கு ஈறு நோயோ நாக்கின் பின்புறப் படிவோ காரணமாக இருக்கலாம். ட்ரைமெத்திலமினூரியா என்னும் அரிய குறைபாட்டில், எத்தனை முறை குளித்தாலும் மீன் வாடை போவதில்லை. ஆகவே காரணத்தை நாமே ஊகித்துச் சொல்லாமல், நாம் உணர்ந்ததை மட்டும் சொல்லிவிட்டு, அவர் பேச விரும்பினால் கேட்டுக்கொள்ளலாம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாலும், மறுநாள் வழக்கம்போல் அவர் அருகில் போய் அமருங்கள்.