நண்பரின் பழைய பிஸ்டலா, கடையில் வாங்குவதா?

நண்பர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியை விற்கப் போகிறார். "வெளியாளுக்குப் போறதுக்கு நீயே எடுத்துக்கோ" என்கிறார். கடை விலையைவிடக் குறைத்தே கேட்கிறார். உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, அந்தத் துப்பாக்கியை அவர் கையில் பார்த்தும் இருக்கிறீர்கள். எடுத்துவிடலாமா? புதிதாகவே வாங்கிவிடலாமா? அல்லது கடையில் கிடைக்கும் பழைய துப்பாக்கிகளில் ஒன்றைப் பார்க்கலாமா?

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் விலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் நண்பரிடம் வாங்குவதன் உண்மையான லாபம் விலையில் இல்லை. அந்தத் துப்பாக்கி எப்படி வாழ்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறார் என்பதுதான் லாபம். எத்தனை ரவுண்டு சுட்டது, என்ன தோட்டா போட்டது, என்ன பாகம் மாற்றியது என்று கடையில் இருக்கும் பழைய துப்பாக்கியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். நண்பர் சொல்லலாம். ஆனால் கேட்டால்தானே சொல்வார்? தெரியாத ஆளிடம் வாங்கும்போது குழலுக்குள் லைட் அடித்துப் பார்ப்பவர், நண்பரிடம் அதைச் செய்யக் கூச்சப்படுகிறார். அப்படிக் கூச்சப்பட்டு வாங்கினால் மூன்றில் மோசமான தேர்வு நண்பருடையதுதான். கடையில் குறைந்தபட்சம் ஒருவர் அதைக் கழற்றிப் பார்த்திருப்பார், ரசீதும் கிடைக்கும்.

முதல் கேள்வி, ஏன் விற்கிறீர்கள் என்பது. புது மாடல் வாங்கிவிட்டார், சுடப் போவதை விட்டுவிட்டார், வீட்டில் குழந்தை வந்துவிட்டது என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். "சும்மாதான்" என்றால் கொஞ்சம் தோண்டுங்கள். பழைய கைத்துப்பாக்கிகளில் விற்பனைக்கு வருபவற்றில் பாக்கெட்டில் அடங்கும் குட்டி பிஸ்டல்கள் நிறைய. காரணம் எளிது. எடை குறைவான துப்பாக்கி கையில் கடுமையாக உதைக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது, சைட் (குறிபார்க்கும் முனை) இரண்டும் நெருக்கமாக இருப்பதால் குறி வைப்பதும் கஷ்டம். எடுத்துப்போக வசதி என்று வாங்கியவர் ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) சில முறை சுட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார். அவருக்குச் சரிப்படாத அதே காரணம் உங்களுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். முதல் துப்பாக்கி வாங்குபவர்களுக்குக் குட்டி பிஸ்டலை நான் பரிந்துரைக்க மாட்டேன், நண்பர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி.

கடையில் புதிது வாங்குவதன் பலம் இங்கேதான் தெரிகிறது. நண்பரிடம் இருப்பது ஒரே ஒரு மாடல். கடையில் பத்து மாடலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவில் பிடி நேராக உட்கார வேண்டும், குழல் முன்கைக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதைப்பகுதி ட்ரிகர்மேல் இயல்பாகப் படிய வேண்டும். விரல் எட்டவில்லை என்று கையைத் திருகிப் பிடித்தால் குண்டு பக்கவாட்டில் போகும். பயிற்சியால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் கைக்குப் பொருந்தாத துப்பாக்கியோடு பயிற்சி செய்ய மனமே வராது. பிடியின் பின்பகுதியை மாற்றிக் கைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் வசதியை க்ளாக் நிறுவனம் 2010-ல் வந்த நான்காம் தலைமுறையில்தான் கொண்டுவந்தது. நண்பர் விற்பது அதற்கு முந்தைய க்ளாக் 19 என்றால், அந்தப் பிடி உங்கள் கைக்குத் தானாகப் பொருந்த வேண்டும், வேறு வழி இல்லை.

சரி, கைக்குப் பொருந்துகிறது. அடுத்து அதன் உடல்நிலை. முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னால் இழுத்து நிறுத்தி, சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். "நான் பார்த்துட்டேன், காலிதான்" என்று நண்பர் சொன்னாலும் நீங்கள் பார்க்க வேண்டும். அவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்பவராக இருந்தால், அந்தத் துப்பாக்கி இதுவரை எப்படிக் கையாளப்பட்டது என்பதற்கு அதுவே ஒரு பதில்.

பிறகு பிஸ்டலைப் பிரித்து, குழலைத் தனியாக எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். திருகுக் கோடுகள் தெளிவாக, ஒரே சீராகச் சுழன்று போக வேண்டும். நடுவில் எங்காவது ஒரு கறுப்பு வளையம் நிழல் மாதிரி தெரிகிறதா? குழலைச் சற்றுத் திருப்பினாலும் அந்த வளையம் அதே இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் வெளிப்பக்கம் அந்த இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். லேசான புடைப்பு தட்டுப்பட்டால் கதை இதுதான்: வெடிமருந்து சரியாக எரியாத ஒரு தோட்டாவின் குண்டு பாதியில் சிக்கியிருக்கிறது, அதைக் கவனிக்காமல் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள். புடைப்பு வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே வளையம் நிலையாக இருந்தால் அந்தக் குழலை நம்ப வேண்டாம். குழலை மாற்றித் தருகிறேன் என்றால் மட்டும் மேலே பேசுங்கள். வீட்டிலேயே மருந்து நிரப்பித் தோட்டா தயாரிக்கும் பழக்கம் நண்பருக்கு உண்டா என்று கேட்கச் சொல்வதும் இதனால்தான். கவனமாகச் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அத்தகைய தோட்டாவால் வந்த சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

வெளிப்புறக் கீறல்களைப் பார்த்து மிரள வேண்டாம். உறையிலிருந்து எடுத்து எடுத்து வைத்ததில் ஸ்லைடின் முனையில் கறுப்பு தேய்ந்து வெள்ளி தெரியும். அது சுட்டதால் வந்த தேய்மானம் இல்லை. சொல்லப்போனால் கடையில் கிடைக்கும் பழையவற்றில் நல்ல தேர்வு எது என்று கேட்டால், காவல் துறைகள் புதிய மாடலுக்கு மாறும்போது கழித்துவிட்டவற்றைச் சொல்வேன். இடுப்பிலேயே கிடந்து வெளியே அழுக்காக இருக்கும், ஆனால் பயிற்சி நாட்களைத் தவிர அதிகம் சுட்டிருக்காது, ஆயுதக் கிடங்கில் பராமரிப்பும் நடந்திருக்கும். அப்படி ஒன்று அதே விலைக்குக் கிடைத்தால், வரலாறு சொல்லத் தெரியாத நண்பரிடம் வாங்குவதைவிட அது மேல்.

9 மி.மீ. பிஸ்டலின் குழல் பல்லாயிரம் ரவுண்டு தாங்கும். ஸ்பிரிங்குகள் தாங்காது. சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாடலைப் பொறுத்து 3,000 முதல் 5,000 ரவுண்டுக்குள் மாற்றச் சொல்வார்கள். நண்பர் மாற்றியிருக்காவிட்டால் அது பெரிய குறையல்ல, மலிவான பாகம்தான், விலையில் கழித்துக்கொள்ளலாம். மேகசின்களையும் எண்ணிப் பாருங்கள். தோட்டா சிக்குவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் மேகசினின் வாய்ப்பகுதி வளைந்திருப்பதோ, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதோதான். அப்புறம் இருட்டில் ஒளிரும் சைட். அதற்காகக் கூடுதல் விலை சொன்னால், பொருத்திய வருடத்தைக் கேளுங்கள். உள்ளே இருப்பது ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயு, அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. 12 வருடப் பழைய சைட் என்றால் ஒளி ஏறக்குறைய பாதியாகியிருக்கும். கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ட்ரிகரில் கை வைத்திருக்கிறாரா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் ஆன்லைனில் பாகம் வாங்கித் தாங்களே பொருத்தி ட்ரிகரை இலகுவாக்கிவிடுவார்கள். "வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பயம் தரும் விஷயம். பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும் துப்பாக்கியில் ட்ரிகர் அழுத்தம் குறைவது, தவறி வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். பழைய பாகங்களை அவர் எடுத்து வைத்திருந்தால் திரும்பப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். தூக்கிப் போட்டுவிட்டார் என்றால் ஒரு துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சரி என்ற பிறகே வாங்குங்கள்.

ரிவால்வர் என்றால் சோதனை வேறு. காலியாக்கிவிட்டு, சுழல் உருளையின்மேல் ஒரு விரலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தியல் முழுதாகப் பின்னால் வந்து நிற்பதற்குள் உருளை "க்ளிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஓர் அறையில் மட்டும் பூட்டத் தாமதமானாலும் அது ரிப்பேர் வேலை. ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 19 போன்ற பழைய .357 மேக்னம் ரிவால்வர்களில் குழலின் பின்முனையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே உலோகம் மெல்லியது. 125 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) போன்ற எடை குறைந்த, வேகமான குண்டுகளை அதிகம் சுட்டவற்றில் விரிசல் விழுந்தது உண்டு.

புதிதாக வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று தோன்றும். பெருமளவுக்கு உண்மைதான். வாரண்டி இருக்கிறது, முதல் ரவுண்டிலிருந்து கணக்கு உங்களிடம் இருக்கிறது. ஆனால் புதியது என்பதாலேயே குறையற்றது என்று ஆகிவிடாது. ஸ்பிரிங்ஃபீல்ட் 2013-ல் எக்ஸ்டி-எஸ் பிஸ்டல்களைத் திரும்ப அழைத்தது. ஸிக் சாவர் பி320, சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்து, 2017-ல் நிறுவனம் பாகங்களை மாற்றித்தர முன்வந்தது. 2020-ல் ஸ்மித் அண்ட் வெசன் எம்&பி ஷீல்ட் ஈஸி மாடலில் சுத்தியல் பாகத்துக்காக ஓர் அழைப்பு வந்தது. நண்பர் விற்பது இதில் ஒன்று என்றால், சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து, மாற்றம் செய்யப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண வாரண்டி பல நிறுவனங்களில் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும், அதுவும் விலை பேசும்போது நினைவில் இருக்கட்டும்.

சீரியல் நம்பர் என்றதும் இன்னொன்று. க்ளாக்கில் சட்டகம், ஸ்லைடு, குழல் மூன்றிலும் நம்பர் இருக்கும். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் ஏதோ பாகம் மாறியிருக்கிறது, காரணம் கேளுங்கள். நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடுங்கள். யார் விற்றாலும் சரி, அது பேரம் பேசும் பொருளே இல்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிற இடங்களும் உண்டு. சில இடங்களில் லைசென்ஸ் பெற்ற கடை வழியாகத்தான் கைமாற்ற முடியும், சில இடங்களில் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். "நமக்குள்ளதானே, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். துப்பாக்கி உங்கள் வீட்டில், பதிவு அவர் பெயரில் என்றால் நாளை என்ன நடந்தாலும் இருவருக்கும் தலைவலி. சட்டம் கேட்காத இடத்திலும் கடை வழியாக மாற்றிக்கொள்ளச் சிறு கட்டணம் கொடுப்பதை நான் வீண் செலவாக நினைக்கவில்லை.

எதுவும் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான், அதைப் பட்டியலில் வைக்காமல் ஒப்பீடு முழுமையாகாது. கலிபோர்னியாவில் சுமார் 2.6 கோடிப் பேரின் பதிவுகளை வைத்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தங்களையே சுட்டுக்கொண்டு இறக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிடச் சுமார் எட்டு மடங்காக இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது மன உளைச்சலில் இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், இந்த வருடம் வேண்டாம் என்று விடுவது சரியான முடிவு. இதே கண்ணோடு நண்பரையும் பாருங்கள். தன்னிடம் இருக்கக் கூடாது என்று நினைத்து அவர் விற்கிறார் என்றால், துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரைப் பற்றிப் பேசுங்கள்.

இவ்வளவும் தேறினால் ஒருநாள் இருவரும் ரேஞ்சுக்குப் போங்கள். தோட்டாச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். நூறு ரவுண்டாவது, அவரிடம் உள்ள எல்லா மேகசின்களையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுடுங்கள். நீங்கள் பாதுகாப்புக்குப் பயன்படுத்த நினைக்கும் தோட்டாவிலும் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். ரேஞ்சில் சுடும் உருண்டை முனைத் தோட்டா சிக்காமல் ஏறிய பிஸ்டல், குழிந்த முனைத் தோட்டாவில் தடுமாறுவது உண்டு. கடைப் பழையதில் பெரும்பாலும் கிடைக்காத வாய்ப்பு இது, நண்பரிடம் மட்டும் சுலபமாகக் கிடைக்கும். ஒருமுறை சிக்கினால் எந்த மேகசினில் சிக்கியது என்று குறித்துவைத்து, அதே மேகசினில் மறுபடியும் சிக்குகிறதா என்று பாருங்கள். மேகசினை மாற்றியும் சிக்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அன்றைக்கே சொல்லிவிடுங்கள், "யோசிச்சுச் சொல்றேன்" என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தால் அவர் வேறு ஆளிடமும் கேட்க முடியாமல் காத்திருப்பார்.