ஜாமீனுக்குப் போன இடம்: வக்கீலம்மாவுக்கு நாலு ஸ்டார்

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அக்கா மகன், 22 வயது, பையில் கஞ்சாவோடு பிடிபட்டான். எஃப்ஐஆரில் எடை 1 கிலோ 150 கிராம்.

முதலில் போனது வேறொரு ஆபீஸ். பேப்பரைப் பிரிக்கவே இல்லை. "கஞ்சா கேஸா? ஆறு மாசத்துக்கு அசையாது, ஹைகோர்ட்தான்" என்று ஒரு லட்சம் கேட்டார்கள். அக்கா அங்கேயே தோட்டைக் கழற்றப் போய்விட்டாள்.

அப்புறம்தான் காரைக்குடியில் இந்த அம்மா. முதலில் எடையைத்தான் பார்த்தார். "அண்ணே, இந்தக் கேஸில் எடைதான் எல்லாம்" என்றார். கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்றால் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: இவன் குற்றவாளியில்லை என்று நம்ப முகாந்திரம் உண்டு, வெளியே விட்டால் மறுபடி செய்ய மாட்டான் என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும். நம்ம பையன் நடுவில் இருப்பதால் அந்த முட்டுக்கட்டை இல்லை. "ஆனா சந்தோஷப்படாதீங்க. அந்த 150 கிராமால ஒரு வருஷத் தண்டனை பத்து வருஷம் வரைக்கும் ஏறிடுச்சு" என்றும் சொன்னார். இப்படி முகத்துக்கு நேரே சொன்னதற்கே மூன்று ஸ்டார்.

முதல் மனு தள்ளுபடி, விசாரணை முடியவில்லை என்று. இரண்டாவதில் கிடைத்தது, 34-ஆம் நாள்.

கிடைத்த பிறகுதான் கூத்து. ஜாமீன்தாரர் இரண்டு பேர், வீட்டு வரி ரசீதோடு. நான் கல் பதித்துக் கொடுத்த ஒரு ஆச்சி, பாவம், தானே முன்வந்தார். வீடு தெருவுக்குத் தெரு நீளும். ரசீதோ கொள்ளுத் தாத்தா பெயரில், பங்காளிகள் முப்பது பேருக்கு மேல். வக்கீலம்மா சிரித்துவிட்டு, "உங்க தகரக் கொட்டகை ரசீது போதும்ணே" என்றார். போதுமாக இருந்தது. இன்னொருவர் மச்சான்.

ஒரு ஸ்டார் குறைத்தது குமாஸ்தாவுக்காக. ஒவ்வொரு வாய்தாவுக்கும் "செலவுக்கு" என்று கையை நீட்டுவார், ரசீது தரமாட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனும் எடுப்பதில்லை.

இப்போது பையன் தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வெயில் ஏறுவதற்குள் அச்சு ஊற்ற வேண்டிய நேரத்தில் கல் வார்க்கிற கண்ணாடியைத் துடைக்க எனக்கு ஆளில்லை. கண்டிஷனைத் தளர்த்த மனு போட வேண்டும். அதற்குத் தனி பீஸ். அதையும் முதல் நாளே சொல்லிவிட்டார்.